மாஸ்கோவுக்குப் போன பெயர்

அத்தியாயம் ஐந்து

"நாற்காலி கடிக்காது, உக்காருங்க" என்றாள் ஆபிதா.

"இருக்கட்டும் தாயி. நின்னு பழகுன காலு."

காளியாயி கதவோரத்தில் நின்றபடியே முந்தானையை அவிழ்த்தாள். உள்ளே ஒரு துணிப்பொட்டலம். அதற்குள் ஐந்தாறு படத் தபால்கள். எல்லாவற்றிலும் பனி. பனி மூடிய கோபுரம், பனி மூடிய மரம், பனிக்கு நடுவே ஒரு சிலை. வெயிலைத் தவிர வேறொன்றும் பார்த்தறியாத கல்லல் பக்கத்துப் பெண்பிள்ளை அந்தப் பனியையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு காரைக்குடிக்கு பஸ் ஏறி வந்திருந்தாள்.

செக்காலை ரோட்டில் காபித்தூள் கடைக்கு மேலே இருக்கும் அந்த ஒற்றை அறைக்குப் 'பரீது விசாரணை நிலையம்' என்று பெயர். பெயரைக் கேட்டால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கும். உள்ளே வந்தால் ஒரு மேஜை, ஒரு டைப்ரைட்டர், கீழேயிருந்து ஏறிவரும் சிக்கரி வாசம், அவ்வளவுதான். சேக் பரீது பினாங்கு போலீஸில் துப்பறிந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஆபிதா பி.ஏ. படித்துவிட்டு ஊரிலேயே கிடந்தவள். அவள் தெருவில் முதல் பட்டதாரி. பட்டத்தை வைத்து என்ன செய்வது என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை, கல்யாணப் பத்திரிகையில் போடலாம் என்பதைத் தவிர. தெரு முறையில் அவரைச் சாச்சா என்று கூப்பிடுவாள். சம்பளம் ஒழுங்காக வராத மாதங்களில் 'சார்' என்பாள்.

"மகன் பேரு?" என்றார் சேக் பரீது.

"ஐயனாரு. கருப்பையா மகன் ஐயனாரு. அவுக அப்பன் இவன் தவழும்போதே போய்ட்டாக. படிப்புல புலி, பாய். ரஷ்யாக்காரன் சும்மா படிக்க வைக்கிறேன்னு கூப்பிட்டான். அறுபத்தேழுல கல்லல் டேசன்ல ரயிலேத்தி விட்டேன். வருசத்துக்கு ஒரு படம் வரும். இந்த வருசம் வரல."

"அப்புறம்?"

"போன வாரம் டீக்கடையில நோட்டீசு ஒட்டியிருந்துச்சு. ரஷ்யாவுல படிச்சு வந்த இன்ஜினீயரு க. ஐயனாருக்கு வரவேற்புன்னு வாசிச்சுச் சொன்னாக. நேமத்தான்பட்டியில பெரிய வீட்டுல இருக்கான்னாக. போனேன். வாட்ச்மேன் உள்ள விடல. 'இது தேனம்மை ஆச்சி சுவீகாரம் கூட்டிக்கிட்ட பிள்ளை, நீ யாரு'ங்கிறான். காருக்குள்ள போனதைத்தான் பாத்தேன். கண்ணாடி ஏத்தியிருந்துச்சு."

பிறர் வீட்டுப் பிள்ளைகள் படித்து முன்னேறிய கதைகள் ஆபிதாவுக்கு அலுத்துப் போனவை. எல்லாக் கதையும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு? படிச்சான், பணக்கார வீட்டுக்குப் பிள்ளையாப் போனான், பெத்தவளை மறந்துட்டான். கேஸ் முடிஞ்சது."

"அப்படிச் செய்ய மாட்டான் தாயி." காளியாயியின் குரல் உயரவில்லை. "எங்க தெருவே அப்படித்தான் சொல்லுது. அவன் அப்படிச் செய்ய மாட்டான். ஒரு தடவ என் முகத்தை நேராப் பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டு வேணாம்னா வந்துர்றேன்."

"அடையாளம் ஏதாச்சும் உண்டா? மச்சம், தழும்பு?" என்றார் சேக் பரீது.

"தழும்பு இல்லாத பிள்ளை எங்க தெருவுல ஏது?" கொஞ்சம் யோசித்தாள். "மொளகாக் களத்துல திணறுவான். வத்தலையும் பச்சையையும் பிரிக்கச் சொன்னாப் பேந்தப் பேந்த முழிப்பான். அவன் கண்ணுக்கு செவப்பும் பச்சையும் ஒண்ணுதான். களத்துக்காரரு அதுக்காக அடிச்சிருக்காரு. படிப்புல புலி, மொளகால பூச்சி."

சேக் பரீது சிரித்தார். பிறகு கேட்டார்: "ரஷ்யா சமாச்சாரமெல்லாம் யாரு பாத்துக் குடுத்தா?"

"திரவியம் மாஸ்டருதான். டுடோரியல் வச்சிருக்காருல்ல. எங்க ஊருக்குத் தபால் ஒழுங்கா வராதுன்னு எல்லாத்தையும் அவரு விலாசத்துக்குத்தான் வரவழைச்சாரு. மெட்ராஸ் வரைக்கும் கூடவே போனவரும் அவருதான்."

திரவியம் டுடோரியல் பஜாருக்குப் பின்னால் ஒரு பழைய நெல் கிட்டங்கியில் இருந்தது. மேஜை மேல் ஒரு உலக உருண்டை. அதை ஒரு விரலால் சுழற்றிக்கொண்டே பேசுவது திரவியம் மாஸ்டரின் வழக்கம். வெள்ளை ஜிப்பா, நெற்றியில் சந்தனம், ஆளை முழுதாக எடைபோடும் கண்கள்.

"பினாங்கில இருந்து வந்திருக்கேன். இது என் அண்ணன் மக. வெளிநாட்டுல படிக்க வைக்கலாம்னு ஆசை" என்றார் சேக் பரீது. பொய் சொல்லும்போது அவருக்கு மலாய் வாடை கூடிவிடும்.

"நல்ல காரியம்." உருண்டை சுழன்றது. "லண்டன் வச்சுக்குவோம். வெள்ளைக்காரன் பிள்ளைக்கு ஃபீஸு எழுபது பவுன். நம்ம பிள்ளைக்கு இருநூத்தம்பது. அறுபத்தேழுல ஏத்திப்புட்டான். இருக்கவும் திங்கவும் தனி. பணம் இருந்தாலும் ரிசர்வ் பேங்க் சும்மா அனுப்ப விட மாட்டான், மார்க் கேப்பான்."

"ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ரெண்டு விலை. நம்ம ஊரு சினிமாக் கொட்டகையில தரை டிக்கெட்டுக்காவது தரைதான் குடுக்குறான்" என்றாள் ஆபிதா.

மாஸ்டர் அவளைக் கவனிக்காத மாதிரி உருண்டையைத் தள்ளினார். "அமெரிக்கா. அது யானை. வாங்கவும் முடியாது, தீனி போடவும் முடியாது. ஜெர்மனியில ஃபீஸே கிடையாது. ஆனா பாஷையும் படிக்கணும், மார்க்கும் வேணும். ரஷ்யா இருக்குது பாருங்க, அதான் தங்கம். ஃபீஸ் இல்ல. சோறு, கட்டில், கோட்டு, கைச்செலவுக்கு மாசாமாசம் பணம், எல்லாம் அவனே. ஆனா பொறுக்கித்தான் எடுப்பான்."

"எனக்கு மார்க் சுமார்தான்" என்றாள் ஆபிதா. அது பொய். அவள் மார்க்கைப் பார்த்து அழுதவர்கள் உண்டு, மேலே படிக்கவைக்க வழியில்லையே என்று.

"அது கெடக்கட்டும்" என்றார் மாஸ்டர். "அத்தா பேரு என்ன? தகப்பனார் பேரு?"

"ஹபீப் ரகுமான்."

மாஸ்டர் கண்ணை மூடினார். மனசுக்குள் எதையோ புரட்டுகிற மாதிரி ஒரு நிமிஷம் இருந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இப்போதைக்கு அந்தப் பேருல ஒண்ணும் இல்ல. வந்தாச் சொல்லி அனுப்புறேன்."

வெளியே வந்ததும் ஆபிதா நின்றாள். "சாச்சா, நான் ரயில் டிக்கெட்டா கேட்டேன், அந்தப் பேருல ஒண்ணும் இல்லேங்கிறதுக்கு? உலகத்துல எந்த வாத்தியாரும் மொதல்ல மார்க்கைத்தான் கேப்பான். இந்த ஆளு அத்தாவைக் கேக்குறான்."

"உங்க அத்தா மேல அவ்வளவு மரியாதையோ என்னமோ."

"எங்க தெருவுலயே யாருக்கும் கிடையாது."

வாடகைக் கார் நேமத்தான்பட்டி ரோட்டில் குதித்துக் குதித்துப் போயிற்று. முன்சீட்டில் காளியாயி. மடியில் பனிப்பொட்டலம். பின்சீட்டில் சேக் பரீது மெல்லிய குரலில் பேசினார்.

"ஒண்ணு இடிக்குது ஆபிதா. செட்டியார் வீட்டுல பிள்ளை கூட்டுனாப் பங்காளி வீட்டுப் பிள்ளையைத்தான் கூட்டுவாக. அதுவும் ஒரே கோவில்காரரா இருக்கணும். இந்தம்மா தெருவுல தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டாக. அங்கயிருந்து பிள்ளை எடுப்பாகளா?"

"ரஷ்யாவுக்குப் போனாச் சாதியும் கரைஞ்சிருமோ என்னமோ. பனியில."

"போய்ப் பாப்போம். நீ பெண்கள் பத்திரிகை நிருபர். நான் போட்டோக்காரன்."

"காமிராவுல பிலிம் இருக்கா?"

"பிலிமுக்கு யாரு காசு குடுப்பா? வெறும் காமிராதான்."

வீடு தெருவின் ஒரு முனையில் தொடங்கி மறு தெருவில் முடிந்தது. காரை வேப்பமர நிழலில் நிறுத்தி, காளியாயியை அதற்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். பத்திரிகை என்றதும் வாட்ச்மேன் கதவைத் திறந்தான். அதே கதவுதான். போன வாரம் வந்தவளிடம் காகிதமும் பேனாவும் இல்லை, அவ்வளவே.

முகப்பைத் தாண்டி வளவுக்குள் போனார்கள். நடுவே வெயில் கொட்டும் முற்றம், நாலு பக்கமும் தூண்கள். தேனம்மை ஆச்சி வெள்ளைச் சேலையில் வந்து வரவேற்றாள். மரியாதையான குரல், சோர்ந்த முகம்.

"வாங்க, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீக. தண்ணி குடிங்க மொதல்ல."

தண்ணீர் பித்தளைச் செம்பில் வந்தது. குடிப்பதற்கு இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் தனியாக வந்தன. வீட்டுச் செம்பில் இவர்கள் வாய் படக்கூடாது. ஆபிதா அதைப் பார்த்துக்கொண்டாள். செம்பையும் பார்த்தாள். பார்த்தவள் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

அவள் அத்தா பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். செட்டியார் வீட்டுப் பாத்திரங்கள் அவள் வீட்டு வாசலில் மலையாகக் குவியும். ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டு விலாசம் வெட்டியிருக்கும், தலைமுறை தலைமுறையாக வந்த ஆண்பிள்ளைகளின் பெயர்களுக்கு ஆளுக்கு ஒரு எழுத்து. எந்தச் செம்பு எந்த வீடு என்று பிரித்து அடுக்கும் வேலை ஆபிதாவுடையது. அவள் எழுத்துக்கூட்டப் பழகியதே அந்தச் செம்புகளில்தான்.

இந்தச் செம்பில் சோ.க.சோ.க. என்றிருந்தது.

இன்ஜினீயர் ஐயனார் வளவின் ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்து ஒரு சுவிட்சுப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தான். வயது இருபத்தைந்து இருக்கும். சிவந்த நிறம், தணிந்த பேச்சு. வந்தவர்களைப் பார்த்து எழுந்து கும்பிட்டான். அந்தப் பணிவு ஆபிதாவுக்கு எரிச்சலாக இருந்தது. திமிராக இருந்திருந்தால் திட்டுவது சுலபம்.

"மாஸ்கோவுல படிக்க எவ்வளவு செலவாச்சு?" என்று நோட்டைத் திறந்தாள்.

"ஒண்ணும் ஆகல. அவுங்களே மாசாமாசம் குடுப்பாங்க. போய் எறங்குன அன்னைக்கே குளிருக்குக் கோட்டும் குடுத்தாங்க."

"அப்ப நீங்க குடுத்தது மார்க்கு மட்டும்தான்."

அவன் மறுபடி சுவிட்சுப் பலகை முன்னால் உட்கார்ந்தான். சேக் பரீது காமிராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார், நகர்ந்தவர் ஒயர்த்துண்டுகள் இருந்த தகரப்பெட்டியைக் காலால் தட்டிவிட்டார். சிவப்பும் பச்சையுமாகத் துண்டுகள் தரை முழுக்கச் சிதறின.

"மன்னிக்கணும் தம்பி. வயசாச்சு, காலு நான் சொல்றதைக் கேக்குறதில்ல."

"பரவாயில்லைங்க."

அவன் பேசிக்கொண்டே பொறுக்கினான். சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை, கை ஒரு இடத்தில் தயங்கவில்லை. ஆபிதா பேனாவை நிறுத்தினாள். சேக் பரீது அவளைப் பார்த்தார். மிளகாய்க் களத்தில் அடி வாங்கிய பிள்ளை இவன் இல்லை. அடித்துத் திருத்தினாலும் வராத விஷயம் அது, ரஷ்யாவுக்குப் போனாலும் வராது.

பெற்றவளை மறந்த மகனைத் தேடி வந்திருந்தார்கள். இங்கே மகனே இல்லை.

ஆபிதா செம்பிலிருந்து தம்ளரில் தண்ணீரைச் சரித்துக் குடித்தாள். பிறகு செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆச்சியிடம் திரும்பினாள்.

"ஆச்சி, உங்க வீட்டுக்காரர் பேரு என்ன?"

"கருப்பையா."

"அவுக அப்பச்சி?"

"எங்க மாமனாரு சோமு."

"அவுக அப்பச்சி?"

"கருப்பையா. எதுக்குக் கேக்குறீக?"

"சோமு, கருப்பையா, சோமு, கருப்பையா. இந்தச் செம்புலயே வெட்டியிருக்கு. ஐயா பேரைத்தான் பேரனுக்கு வைப்பீக. ரெண்டே பேரு இந்த வீட்டுல மாறி மாறி வந்திருக்கு. பிள்ளை கூட்டுனாலும் அந்தப் பிள்ளைக்குப் பழைய பேரை எடுத்துட்டு இந்த வீட்டுப் பேரைத்தான் வைப்பீக. அப்ப இவரு சோமுவா இருக்கணும். ஐயனாருங்கிற பேரு எங்குட்டு இருந்து வந்துச்சு?"

ஆச்சியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "வேண்டுதல்."

"எப்பக் கூட்டுனீக?"

"அறுபத்தேழுல. ஆடியில."

சொன்ன பிறகுதான் ஆச்சிக்கு உறைத்தது. ஆபிதா விடவில்லை.

"ஆடியிலயா? ஆடியில உங்க வீடுகள்ல ஒரு செங்கல்லைக்கூட இடம் மாத்தி வைக்க மாட்டீகளே ஆச்சி. ஆவணி வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல? பொறுக்க முடியாது. ஆவணியில மாஸ்கோவுல காலேஜ் தொறந்துருவான்."

வளவில் புறா ஒன்று சிறகடித்தது. சேக் பரீது மெதுவாக நடந்து போய், சுவரோரம் ஸ்டூலில் இருந்த டெலிபோனின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஆபிதாவுக்கு இப்போது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தது. பேசப் பேசவே விழுந்தது.

"திரவியம் மாஸ்டர் என்கிட்ட மார்க் கேக்கல. அத்தா பேரைக் கேட்டாரு. ஏன்னா அவரு கையில இருக்கிறது அடுத்தவன் மார்க்கு. அது எந்த வீட்டுக்குப் பொருந்தும்னுதான் பாப்பாரு. கருப்பையா மகன் ஐயனாருன்னு ஒரு ஏழைப் பையன். அவனுக்கு ரஷ்யாவுல சீட்டு வந்துச்சு. சீட்டு வந்தது மாஸ்டர் விலாசத்துக்கு. சர்டிபிகேட்டுல படமா ஒட்டியிருக்கு? பேருதான் இருக்கு. அப்பன் பேரு கருப்பையான்னு இருக்கிற வீடா, பிள்ளை இல்லாத வீடாத் தேடுனாரு. இந்த வீடு கெடைச்சுச்சு. பங்காளி வீட்டுல பரீட்சையில கோட்டை விட்ட ஒரு பிள்ளையைக் கூட்டி, ஐயனாருன்னு பேரு வச்சு, பத்திரம் எழுதிட்டா, பாஸ்போர்ட்டு தன்னால வந்துரும். கள்ளக் கையெழுத்து ஒண்ணுகூட வேணாம். எல்லாம் சட்டப்படி."

"சாட்சி இல்லாமப் பேசாதீக" என்றாள் ஆச்சி. ஆனால் உட்கார்ந்துவிட்டாள். "ரங்கூன்ல கடையைச் சர்க்கார் எடுத்துக்கிட்டான். போட்ட முதல் அத்தனையும் அங்கேயே போச்சு. லண்டனுக்கு அனுப்பலாம்னா ஃபீஸை ஏத்திப்புட்டான். மார்க் இல்லாம பவுன் அனுப்பவும் விடல. வீடு இவ்வளவு பெருசா நிக்குது, உள்ள ஒண்ணும் இல்ல. ஒரு பிள்ளை தலையெடுத்தாத்தான் உண்டு. அந்தப் பையனுக்குப் பணம் குடுத்தாச்சு, அவன் சம்மதிச்சு ஒதுங்கிட்டான்னு மாஸ்டர் சொன்னாரு."

"நீங்க சொல்லுங்க" என்றாள் ஆபிதா, தரையில் இருந்தவனைப் பார்த்து. "உங்க பேரு என்ன? பெத்தவுக வச்ச பேரு."

அவன் கையிலிருந்த ஒயரைப் பார்த்தபடி சொன்னான். "அழகுசுந்தரம்."

"ஐயனாரைப் பாத்திருக்கீங்களா?"

"மெட்ராஸ்ல. லாட்ஜுல மாஸ்டரோட மூணு பேரும் இருந்தோம். எனக்கும் தனியா ஒரு சீட்டு வந்திருக்குன்னு அவன்கிட்ட மாஸ்டர் சொல்லியிருந்தாரு. ரெண்டு பேரும் சேந்து போறோம்னு அவனுக்குச் சந்தோசம். ஒரு பழைய புஸ்தகத்தை வச்சு ரஷ்ய எழுத்தெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்தான்." நிறுத்தினான். "கடலைப் பாத்ததே இல்லைன்னான். ஏரோப்பிளேன் ஏறுறதுக்குள்ள பாத்துரணும்னான். மாஸ்டர் காலையில கூட்டிட்டுப் போனாரு. தனியா வந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"பணத்தை வாங்கிட்டு ஊருக்குப் போயிட்டான்னாரு. அவன் பெட்டியை என்கிட்ட குடுத்தாரு. சர்டிபிகேட்டு, புஸ்தகம், ஷூவு."

"ஷூ?"

"புது ஷூவு. அவன் வாத்தியாருங்க சேந்து வாங்கிக் குடுத்ததாம். அதுதான் அவன் போட்ட மொத ஷூவாம். மணல்ல நனைஞ்சிரும்னு கழட்டி வச்சுட்டுப் போனான். எனக்குச் சரியாத்தான் இருந்துச்சு."

"ஊருக்குப் போயிட்டான். வெறுங்காலோட?"

அவன் கையிலிருந்த ஒயரைப் பெட்டியில் போட்டான்.

"பணம் வாங்கிட்டு ஊருக்குப் போறவன், வாழ்க்கையில போட்ட மொத ஷூவை லாட்ஜுல விட்டுட்டுப் போவானா? நீங்க கேக்கலையா?"

"கேட்டாப் போக முடியாதுன்னு தெரியும்" என்றான் அழகுசுந்தரம்.

ஆபிதா அவன் எதிரே போய் நின்றாள். "அந்தப் படத் தபாலெல்லாம்?"

"நான்தான். அவுங்க அம்மாவுக்கு வருசம் ஒண்ணு போடணும்னு மாஸ்டர் சொல்லியிருந்தாரு. நல்லா இருக்கேன்னு மட்டும் எழுதுவேன். அங்க பாடத்துல நான் பாஸானது என் மார்க்குத்தான். அது மட்டும் என்னோடது."

"லண்டனுக்கு இருநூத்தம்பது பவுனு. அமெரிக்காவுக்கு யானை விலை. மாஸ்கோவுக்கு ஒண்ணுமில்லைன்னு எல்லாரும் சொன்னீக." ஆபிதா நோட்டை மூடினாள். "ஒரு விலை இருந்திருக்கு. அதை அந்தப் பையன் கட்டியிருக்கான்."

ஆச்சியின் கண் டெலிபோன் பக்கம் போயிற்று. சேக் பரீது ரிசீவர் மேல் கையை வைத்தார். "மாஸ்டருக்குச் சொல்ல வேணாம் ஆச்சி. நான் போலீசுக்குச் சொல்லிக்கிறேன்." பிறகு ஆபிதாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "ஆனா ஒண்ணு. நாளைக்கே இவுங்க வக்கீல் வச்சு இந்தப் பேச்சையெல்லாம் இல்லைம்பாக. பத்திரம் சரி, பாஸ்போர்ட்டு சரி, டிகிரி சரி. இந்தச் சர்டிபிகேட்டுக்குச் சொந்தக்காரன் இவன் இல்லைன்னு முகத்தைப் பாத்துப் பெத்தவளாச் சொல்ல ஒரே ஆளுதான் இருக்கு. அது வெளிய கார்ல உக்காந்திருக்கு."

ஆபிதா எழுந்து போனாள்.

காளியாயி காரில் இல்லை. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். ஆபிதா தனியாக வருவதைப் பார்த்ததும் அவளே பேசத் தொடங்கினாள்.

"வர மாட்டேங்குறானா? சரி விடு தாயி. என்னைய வேணாம்னா வேணாம். நல்லாருக்கான்ல? உடம்பு தேறியிருக்கானா? அது போதும். வா, போயிருவோம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இவள் பஸ் ஏறிப் போய்விடுவாள். தெரு ஏசும். மகன் பெரிய வீட்டில் நல்லபடியாக இருக்கிறான் என்று அந்தப் பனிப்படங்களோடு மிச்சக் காலத்தையும் ஓட்டிவிடுவாள். திரவியம் மாஸ்டரும் உருண்டையைச் சுழற்றிக்கொண்டு அடுத்த அப்பன் பெயருக்குக் காத்திருப்பார்.

"உள்ள வாங்க" என்றாள் ஆபிதா.

வாட்ச்மேன் குறுக்கே வந்தான். ஆபிதா அவனைப் பார்த்த பார்வையில் விலகினான். முகப்பு வரைக்கும் காளியாயியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அழகுசுந்தரம் உள்ளேயிருந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். தலை கவிழ்ந்திருந்தது. பின்னால் சேக் பரீதும் தேனம்மை ஆச்சியும்.

"நிமிந்து அவுங்களைப் பாருங்க" என்றாள் ஆபிதா. "அதுக்குத்தான் வந்திருக்காக."

அவன் நிமிர்ந்தான். காளியாயி கிட்டே போய் அண்ணாந்து பார்த்தாள். நெற்றியை, காதை, தாடையை. பதற்றமில்லாமல், சந்தையில் ஒரு சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"இது யாரு?" என்றாள்.

ஆபிதா சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. குரலைக் குழைக்கவும் இல்லை. பெயரை எடுத்துக்கொண்டார்கள், சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டார்கள், கடல் பார்க்கக் கூட்டிப் போனார்கள், ஷூ அறையிலேயே இருந்தது, பிறகு யாரும் அவனைப் பார்க்கவில்லை. படம் அனுப்பியது இவன். இவன் அவனில்லை என்று போலீஸில் சொல்ல அவள் வேண்டும்.

காளியாயி அழவில்லை. மடிப்பொட்டலத்தை அவிழ்த்தாள். படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அழகுசுந்தரத்தின் காலடியில் வைத்தாள். பிறர் பொருளைத் திருப்பித் தருகிறவளைப் போல.

"அந்த ஷூச் சோடு?" என்று அவனிடம் கேட்டாள்.

"அங்கேயே கிழிஞ்சு போச்சு."

காளியாயி ஆபிதாவிடம் திரும்பினாள்.

"கடலைப் பாத்தானா?"

"பாத்திருப்பான்" என்றாள் ஆபிதா.

காளியாயி தலையை ஆட்டினாள். பக்கத்தில் ஒரு ரங்கூன் தேக்கு நாற்காலி கிடந்தது. அதை இழுத்து, யாரையும் கேட்காமல் உட்கார்ந்தாள்.

"தெருவே சொல்லுச்சு. காலையில நீயும் சொன்ன" என்றாள். "எம்மகன் என்னைய மறக்கல."

பிறகு சேக் பரீதின் பக்கம் திரும்பினாள்.

"எங்குட்டு வந்து சொல்லணும் பாய்? வாரேன்."